மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலம் வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வகுப்பறை மூன்று | சனி, இரவு 8.40

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 3ஆம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் 27 பிள்ளைகள். இந்த வாரம் நடந்த ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு பையன் ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். வகுப்பைப் பார்வையிட யார் வந்தாலும் நான் முதலில் எழுப்புவது அவனைத்தான். செவ்வாய்க்கிழமை புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். பக்கத்தில் இருந்த பெண்ணின் புத்தகத்தைக் கொடுத்தேன். அதே பாடம், அதே பக்கம். முதல் வரியைச் சொன்னான். இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், மறுபடி பக்கத்தைப் பார்த்தான். ஒரு சொல்கூட வரவில்லை.

மறுநாள் அவன் புத்தகத்தை வாங்கிப் பிரித்தேன். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் தலைமேலும் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ். தி. ஹென். இஸ். இன். தி. பாக்ஸ். அவன் அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறாள், பாடம் பாடமாக. இத்தனை நாளும் அவன் வாசித்தது தமிழ். அதைக் கேட்டுத்தான் நான் அவனை மலர் நிலை, அதாவது மேல் நிலை, என்று பதிவு செய்திருக்கிறேன்.

அவனுக்குப் புத்தகம் கொடுத்த பெண்ணையும் சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், ஒரு வரியை முடிப்பதற்குள் மற்றவர்கள் பக்கத்தையே முடித்துவிடுவார்கள். அவளை அரும்பு நிலையில் வைத்திருக்கிறேன். அன்று அந்த வரியை அவள் வாசித்து முடித்ததும் என்ன புரிந்தது என்று சும்மா கேட்டேன். "கோழி பெட்டிக்குள்ளே இருக்கிறது டீச்சர். முட்டை இடப் போகிறது போல" என்றாள். முட்டை என்ற சொல் அந்தப் பக்கத்திலேயே இல்லை.

வெளியூர் அன்பர்களுக்காக: தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறோம். முறையைக் குறை சொல்ல வரவில்லை. நிலையைத் தவறாகக் கணித்தது நான். இந்த இரண்டு பிள்ளைகளையும் சரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று எனக்கு வேண்டும். ஒருவரோடு ஐந்து நிமிடம் உட்கார முடியும், அதற்கு மேல் முடியாது. என்ன செய்யலாம்?

களப்பணி | சனி, இரவு 9.25

டீச்சர், கல்லூரியில் படிக்கும்போது அசர் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போனேன். கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கப் பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005இல் தொடங்கிய ஆய்வு அது. ஒரு மாவட்டத்துக்கு 30 கிராமம், ஒரு கிராமத்துக்கு 20 வீடு. பள்ளிக்கூடத்தில் சோதிப்பதில்லை, வீட்டுக்கே போய், திண்ணையிலோ வாசலிலோ பிள்ளையோடு உட்கார்ந்து, ஒரே ஒரு தாளை நீட்டுவோம். ஆங்கிலத் தாளில் நான்கு கட்டம்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எளிய சொற்கள், எளிய வாக்கியங்கள். அண்ணன் வாசித்ததைக் கேட்டுத் தம்பி ஒப்பித்துவிடக் கூடாது என்று வெவ்வேறு மாதிரித் தாள்கள் இருக்கும்.

உங்களுக்குப் பயன்படக்கூடியது அடுத்த படி. பிள்ளை சொல்லையோ வாக்கியத்தையோ வாசித்துவிட்டால், அதன் பொருளை அதனுடைய சொந்த மொழியிலேயே சொல்லச் சொல்ல வேண்டும். வாசித்தது ஒரு பதிவு, பொருள் சொன்னது தனிப் பதிவு. இரண்டையும் கலக்க மாட்டார்கள்.

அப்படிப் பிரித்து எழுதியதால் தெரியவந்ததைப் பாருங்கள். 14 முதல் 18 வயது வரை உள்ள கிராமப்புறப் பிள்ளைகளிடம் 2023இல் கேட்டபோது ஆங்கில வாக்கியம் வாசித்தவர்கள் 57.3 விழுக்காடு. அந்த வாசித்தவர்களில் பொருள் சொன்னவர்கள் 73.5 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 42 பேர்தான் வாசித்துப் புரிந்துகொள்கிறார்கள். வாசிப்பை மட்டும் கேட்டுவிட்டு வந்திருந்தால் 57 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். 5ஆம் வகுப்பில் நிலைமை இன்னும் கடினம். எளிய ஆங்கில வாக்கியம் வாசிப்பவர்கள் 2016இல் 24.7 விழுக்காடு, 2022இல் 24.5. ஆறு ஆண்டுகளில் அசையவே இல்லை.

நேர்கோடு | சனி, இரவு 10.02

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆங்கிலத் தேர்வில் தமிழில் பதில் சொல்ல அனுமதித்தால் அது எப்படி ஆங்கிலத் தேர்வு ஆகும்? பிள்ளை கடைசிவரை மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கும். என் மகள் ஆங்கில வழியில் 3ஆம் வகுப்பு படிக்கிறாள். நிமிடத்துக்கு 90 சொல் வாசிக்கிறாள், நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மத்திய அரசின் நிபுண் பாரத் எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டத்தின் இலக்கே 3ஆம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொல்தானே? கடிகாரத்தை வையுங்கள், எண்ணுங்கள், முடிந்தது. ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை.

பழைய கரும்பலகை | ஞாயிறு, காலை 6.15

முப்பது ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சியில் இருந்து ஓய்வு பெற்றவன். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேர்கோடு அவர்களுக்கு. நிபுண் பாரத் இலக்கை முழுதாகப் படியுங்கள். 60 சொல்லோடு நிற்கவில்லை, பொருள் உணர்ந்து வாசிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நம் ஆட்கள் எண்ணை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2017இல் ஹாஸ்புரூக், டிண்டல் இருவரும் தொகுத்த அட்டவணையில் 3ஆம் வகுப்பு ஆண்டிறுதியில் நடுத்தரப் பிள்ளையின் வேகம் 112 சொல். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்கு வரும்போதே ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களைக் காதில் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். அவர்களுடைய அளவுகோலை விழுப்புரத்துப் பிள்ளையின் தலையில் வைத்துப் பார்ப்பது நியாயமே இல்லை.

கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் ஒரு சூத்திரம் சொன்னார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தைக் கூட்டி ஒலிக்கும் திறன், பெருக்கல், அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன். அது கூட்டல் கணக்கு அல்ல என்பதுதான் விஷயம். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைக்கு இரண்டாவது எண் பெரியது. எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும், புரிதல் தானாக வந்துவிடும். நம் பிள்ளைக்கு இரண்டாவது எண்ணே சிறியது. மகள் 90 சொல் வாசிக்கிறாள் என்றால் முதல் எண் நன்றாக இருக்கிறது, மகிழ்ச்சி. இரண்டாவது எண்ணைக் கடிகாரம் காட்டாது ஐயா.

இப்போது டீச்சருக்கு. சோதனைக்கு உட்காரும் முன் நம் காதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழ்ப் பிள்ளையின் நாக்கையும் வாசிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

பிள்ளை "புக்கு" என்று வாசித்தால் அது பிழையல்ல. வல்லின மெய்யில் சொல்லை முடிக்கிற பழக்கம் தமிழுக்குக் கிடையாது. பஸ்ஸு, பெஞ்சு, கப்பு என்று உகரம் ஒட்டிக்கொள்ளும். எழுத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அதேபோல் 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப ஓர் ஒலி, மகரத்துக்கு அடுத்த ப வேறோர் ஒலி. எழுத்து ஒன்றே. 'காகம்' என்பதில் இரண்டு ககரமும் ஒரே மாதிரியா ஒலிக்கின்றன? ஒலி வேறுபட்டாலும் எழுத்து வேறுபடாது என்று பழகிய பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் பூனைக்குட்டிக்கு (கிட்டன்) கே எழுத்து, ஆட்டுக்கு (கோட்) ஜி எழுத்து என்பது புதுச் செய்தி. அதை எடுத்த உடனே வாசிப்புக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது.

இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. தலையில் வைக்கும் தொப்பி தமிழில் 'கேப்'. தோளில் தொங்கும் மேலங்கியும் 'கேப்'. ஆங்கிலத்தில் கடைசியில் ஒலிக்காத ஓர் 'ஈ' எழுத்து வந்து உயிரொலியையே மாற்றுகிறது. நம் வாயிலும் நம் எழுத்திலும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பூனையும் 'கேட்', வாசல் கதவும் 'கேட்'. அக்கா பென்சிலால் எழுதிக்கொடுத்தாளே, அந்தத் தமிழ் எழுத்து பையனுக்கு உதவவில்லை என்பது மட்டுமல்ல. ஆங்கிலம் எந்த இடத்தில் வேறுபடுகிறதோ அந்த இடத்தையே மறைத்துவிட்டது. இந்தச் சொற்களில் உச்சரிப்பைக் கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். இரண்டு படங்களை வைத்து, எதை வாசித்தாய், தொட்டுக் காட்டு என்று கேளுங்கள்.

நமக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் எழுத்தில் புள்ளி இருக்கிறது. க் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்தால் க என்று நம் பிள்ளை முதல் வகுப்பிலேயே சொல்கிறது. சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துச் சேர்க்கும் வித்தை அதற்குத் தெரியும். ஆனால் 247 எழுத்தும் அனேகமாகச் சொன்ன சொல் தவறாதவை. 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அப்படி இருக்காது. 2003இல் ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. முதல் வகுப்பு முடிவில், தெரிந்த சொற்களை வாசிப்பதில் பின்னிஷ், கிரேக்கம், இத்தாலியம், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் வாசித்த பிள்ளைகள் எட்டியது 34. ஆங்கிலம் பேசிக்கொண்டே பிறந்த பிள்ளைகளுக்கே இப்படி. நம் பெண் ஒரு வரியை மெல்ல வாசித்து முட்டை வரை போயிருக்கிறாள். அவளை அரும்பில் விட்டுவிடாதீர்கள்.

செங்கல்பட்டு அம்மா | ஞாயிறு, காலை 9.50

இதைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். என் மகன் 2ஆம் வகுப்பு, தனியார் பள்ளி. வகுப்பின் முன்னால் நிற்க வைத்து வாசிக்கச் சொல்வார்கள். திக்கினால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். போன மாதம் அழைத்து, "உங்கள் பையனுக்கு மூளை வளர்ச்சி மெதுவாக இருக்கிறது, ஆங்கிலம் ஏறவில்லை, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. நானும் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். என் மகன் தமிழில் கதை சொன்னால் தெருவே நின்று கேட்கும். அவனுக்கு உண்மையிலேயே குறைபாடா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒலியும் எழுத்தும் | ஞாயிறு, காலை 11.30

அம்மா, நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. உங்கள் மகனைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு மூளையைப் பற்றிப் பேசியது தவறு, அதை உறுதியாகச் சொல்கிறேன்.

நான் முதலில் பார்ப்பது கண்ணும் காதும். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளையையும், ஒரு காதில் சளி அடைத்த பிள்ளையையும் எத்தனையோ முறை 'மந்தம்' என்று என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். அடுத்து தமிழ். தமிழில் எழுத்துகளைத் தெரிந்து வைத்திருக்கிறானா, சொற்களைக் கூட்டுகிறானா, புதிய பத்தியை வாசிக்கிறானா என்று பாருங்கள். தமிழில் வாசிப்பு சீராக வந்து ஆங்கிலத்தில் மட்டும் திணறினால், பெரும்பாலும் அது போதிய பழக்கம் இல்லாத திணறல். இரண்டு மொழியிலும் ஒரே விதமாக ஒலியும் எழுத்தும் ஒட்ட மறுத்தால், நன்றாகச் சொல்லிக்கொடுத்தும் மாதக்கணக்கில் நகராமல் இருந்தால், அப்போது முறையான பரிசோதனைக்குப் போக வேண்டும். அப்படி இருந்தாலும் அது இழிவல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது, உதவி கேட்க உரிமை உண்டு. தமிழில் அவன் கதை சொல்கிற அழகைச் சொன்னீர்களே, அதைக் குறித்து வையுங்கள். பரிசோதிப்பவர்களிடம் அதுவும் ஒரு தகவல். வகுப்பின் முன்னால் நிற்க வைப்பதை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பயந்த பிள்ளையிடம் எடுத்த அளவு பயத்தைத்தான் காட்டும்.

வகுப்பறை மூன்று டீச்சர், மனப்பாடமா வாசிப்பா என்று பிரிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, பொருளில்லாத சொல். 'மிப்', 'டெம்', 'நாப்' போல. எங்கேயும் கேட்டிருக்க முடியாது, அக்காவும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. எழுத்தைப் பார்த்து ஒலித்தால்தான் வரும். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை இப்படிச் சோதிக்கிறார்கள்: 40 சொல், அதில் 20 பொய்ச் சொல். பொய்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விநோதப் பிராணியின் படம் இருக்கும், அதனுடைய பெயர் இது என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுவார்கள். நீங்களும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இரண்டாம் மொழிப் பிள்ளைக்கு எல்லா ஆங்கிலச் சொல்லுமே புதிதுதான். இது உண்மையான சொல்லாக இருக்குமோ என்று தேடித் தவிக்கவிடக் கூடாது. பத்துச் சொல் போதும். முதல் ஐந்தும் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திச் சிரித்துத் தட்டிக்கொடுத்து அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

வாவிக்கரை | ஞாயிறு, பிற்பகல் 3.10

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன், ஆரம்பப் பிரிவு ஆங்கில ஆசிரியர். எங்கள் பாடசாலைகளில் தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாய்மொழியாகத்தான். பாட்டு, விளையாட்டு, கட்டளைகள். ஆங்கிலம் பாடமாகப் புத்தகத்தோடு வருவது தரம் 3இல். சொல் முதலில் காதுக்குள் குடியேறட்டும், பிறகு கண்ணுக்கு வரட்டும் என்ற எண்ணம். எல்லாப் பாடசாலையிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணம் சரியானது.

ஐயா சொன்ன பெருக்கல் கணக்கின் இரண்டாவது எண்ணை நான் இப்படி அளக்கிறேன். நான்கு வரிக் கதை ஒன்றை நானே ஆங்கிலத்தில் இரண்டு தரம் வாசிப்பேன். பிள்ளைக்குத் தாள் கிடையாது. முன்னால் மூன்று படங்கள் இருக்கும். எந்தப் படம் என் கதை என்று காட்ட வேண்டும், பிறகு தமிழில் சொல்ல வேண்டும். போன தவணையில் ஒரு பிள்ளை காதால் கேட்டு எல்லாம் விளங்கிக்கொண்டது. அதே அளவுக் கதையைத் தாளில் கொடுத்தால் ஒரு சொல்லும் வாசிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டும். வேறொரு பிள்ளை தாளில் பிசகாமல் வாசித்தது, கேட்டுச் சொல்லச் சொன்னால் படத்தையே மாற்றிக் காட்டியது. அதற்கு எழுத்து போதும். பேச்சும் கதையும் வேண்டும். இரண்டு பிள்ளைக்கும் ஒரே மேலதிக வகுப்பு வைத்தால் இரண்டு பேரின் பின்னேரமும் வீண்.

நேர்கோடு அண்ணனுக்கு ஒரு சொல். தமிழில் பதில் கேட்பது ஆங்கிலத்தைக் குறைப்பதற்காக அல்ல. வாசித்து விளங்குவது ஒரு திறன், விளங்கியதை ஆங்கிலத்தில் சொல்வது இன்னொரு திறன். எட்டு வயதில் முதலாவது வந்து இரண்டாவது வராமல் இருப்பது இயல்பு. ஆங்கிலத்தில்தான் பதில் வேண்டும் என்று நின்றால், விளங்கிய பிள்ளையும் வாய் மூடி நிற்கும். நாங்கள் அதற்குப் பூச்சியம் போடுவோம்.

கிள்ளான் ஆசிரியர் | ஞாயிறு, இரவு 9.05

மலேசியத் தமிழ்ப்பள்ளியிலிருந்து. எங்கள் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் வாசிக்கத் தொடங்குகிறார்கள். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. பூனையைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லை என் மாணவி 'சாட்' என்று வாசித்தாள். மலாயில் அதே மூன்றெழுத்து அப்படித்தான் ஒலிக்கும், சுவருக்கு அடிக்கும் சாயம் என்று பொருள். அவளுக்கு எழுத்தும் தெரியும், கூட்டவும் தெரியும். எந்த மொழியின் கதவைத் திறப்பது என்பதில்தான் குழப்பம். பிழை என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. பிள்ளை தவறாகச் சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள், டீச்சர். சரி, தவறு என்ற குறியைவிட அது பத்து மடங்கு பயன்படும்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இங்கே 2010இல் லினுஸ் என்ற திட்டம் வந்தது, முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் எண்ணறிவும் சோதிக்க. 2013இல் ஆங்கிலமும் சேர்ந்தது, 12 படிகளாக. நோக்கம் நல்லது, பின்தங்கிய பிள்ளையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. ஆனால் பள்ளியின் எண் மேலே போக வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, சோதனைக்கு வரும் மாதிரிச் சொற்களையே நாள்தோறும் வாசிக்க வைத்த வகுப்புகளை என் கண்ணால் பார்த்தேன். அந்தத் திட்டம் இப்போது இல்லை. இங்கிலாந்தின் அந்த 40 சொல் சோதனையிலும் இது நடந்தது. தேர்ச்சிக்கு 32 என்று முன்கூட்டியே தெரிந்திருந்த முதல் இரண்டு ஆண்டுகளில், 31 எடுத்தவர்களைவிட 32 எடுத்தவர்கள் திடீரென்று மிக அதிகம். 2014இல் வரம்பை முன்னதாகச் சொல்லவில்லை. அந்த மேடு வெகுவாகத் தணிந்துவிட்டது. ஆசிரியர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. 31இல் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் கை இளகும். அதனால்தான் இந்தக் குறிப்பேடு உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கட்டும் என்கிறேன். மேலே அனுப்பும் படிவமாக அதை மாற்றிவிடாதீர்கள்.

நேர்கோடு | திங்கள், இரவு 8.20

நேற்று எல்லாவற்றையும் படித்துவிட்டு மகளிடம் சோதித்தேன். அவள் பார்த்திராத ஒரு கதையின் முதல் பத்தி. தடங்கலில்லாமல் வாசித்தாள், கடிகாரப்படி 88 சொல். தமிழில் சொல்லச் சொன்னேன். "ஒரு பையன் இருக்கிறான்" என்றாள். பிறகு? "அவ்வளவுதான் அப்பா." பத்தியில் பையன் ஆற்றில் செருப்பைத் தொலைத்துவிட்டு அம்மாவுக்குப் பயந்து நிற்கிறான். அதே பத்தியை நான் மெதுவாக வாசித்துக் காட்டினேன். அப்போதும் செருப்பு வரைதான் வந்தாள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக வேகத்தைப் பார்த்தே பெருமைப்பட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பழக்கமும் வேண்டும் என்ற கருத்தை விட்டுவிடவில்லை. ஆனால் புரிந்ததா என்று பார்க்கத் தமிழில் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். இப்போது என்ன செய்வது?

பழைய கரும்பலகை | திங்கள், இரவு 9.00

கடிகாரத்தை எடுத்து உள்ளே வையுங்கள். இரவில் பத்து நிமிடம் நீங்கள் அவளுக்கு ஆங்கிலக் கதை வாசியுங்கள், நடுநடுவே தமிழில் பேசுங்கள். செருப்பு தொலைந்தால் நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள். எட்டு வயதுதான் ஆகிறது. நிறையக் காலம் இருக்கிறது.

வகுப்பறை மூன்று | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 7.30

எல்லோருக்கும் நன்றி. 27 பேரையும் முடித்துவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு பேர், மற்றவர்கள் செயல்பாட்டில் இருக்கும்போது, வராந்தாவில் உட்கார்ந்து.

பழைய தினசரி நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் பெரிதாக எழுதிக்கொண்டேன். வாவிக்கரை ஐயா சொன்னபடி முதலில் காது: நான் ஆங்கிலத்தில் சொன்ன கதையைப் படத்தில் காட்டித் தமிழில் சொல்ல வேண்டும். பிறகு எழுத்தின் பெயரைக் கேட்காமல் ஒலியைக் கேட்டேன். பிறகு பத்துப் பொய்ச் சொல். பிராணிகளை என் மகள் வரைந்து கொடுத்தாள், பிள்ளைகளுக்கு அவற்றை மிகவும் பிடித்துவிட்டது. கடைசியில் பாடப் புத்தகத்தில் இல்லாத மூன்று வரி. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

நான் மலரில் வைத்திருந்த ஒன்பது பேரில் நான்கு பேருக்குப் பொய்ச் சொல் இரண்டுக்கு மேல் வரவில்லை. பாடம் மனப்பாடம், அவ்வளவுதான். அரும்பில் இருந்த மூன்று பேர் மெதுவாக, ஆனால் உண்மையாக வாசிக்கிறார்கள். முட்டைப் பெண் பத்தில் எட்டு. 'டெம்' என்பதை 'டெம்மு' என்றாள், சரி என்று போட்டேன். ஒருத்திக்கு மட்டும் எழுத்துகள் நெருங்கி வரும் இடத்தில் எல்லாம் தலை சாய்ந்தது. கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்படி அவள் அப்பாவிடம் பேசியிருக்கிறேன்.

நான் கொஞ்சமும் எதிர்பாராதது காதுச் சோதனையில் தெரிந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நான்கு வரிக் கதையில் ஒரு வரிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை நாள் வாசிக்க வைத்தேனே தவிர, ஆங்கிலத்தில் கதை சொன்னதே இல்லை. இப்போது மதியம் மணி அடித்ததும் தினமும் ஒரு குட்டிக் கதை, கையையும் காலையும் ஆட்டி.

பென்சில் பையனைப் பற்றிக் கேட்பீர்கள். புத்தகத்தில் இருந்த தமிழை நான் அழிக்கவில்லை. அவன் கையில் ரப்பரைக் கொடுத்தேன். மேலே இருக்கும் தமிழை விரலால் மறைத்துக்கொண்டு எந்தச் சொல்லை உன்னால் வாசிக்க முடிகிறதோ, அந்தச் சொல்லின் தமிழை மட்டும் நீயே அழித்துவிடு என்றேன். அக்காவையும் பள்ளிக்கு வரச்சொல்லி, நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், இனி எழுதிக்கொடுக்காதே, பக்கத்தில் உட்கார்ந்து கேள் என்று சொல்லி அனுப்பினேன். ஐந்தாம் வகுப்புப் பெண். தலையாட்டினாள்.

முதல் வாரம் 'இன்' ஒன்றுதான் அழிந்தது. பிறகு 'ஹென்'. பிறகு 'பாக்ஸ்', 'இஸ்', 'ரெட்'. நேற்று புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். முதல் பாடம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது, 'தி' மட்டும் எல்லா வரியிலும் அப்படியே இருக்கிறது. அதுதானே சுலபம், அதை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்டேன்.

"அதில் டி எழுத்து இருக்கிறது டீச்சர், பக்கத்தில் எச் இருக்கிறது. ரெண்டையும் சேர்த்தால் 'தி' எப்படி வரும்?" என்றான்.